மெக்கானிக் செருப்பைக் கழற்றினார்

பெட்ரோல் டாங்கைத் தூக்கி ஓரமாக வைத்ததும் மெக்கானிக் பாண்டி செருப்பைக் கழற்றினார்.

காரைக்குடி செக்காலை ரோட்டில் தகரக் கூரை போட்ட பட்டறை அது. தரையெல்லாம் ஆயில், நட்டு, உடைந்த கண்ணாடி. வெறுங்காலை வைக்கிற இடமா? ஆனாலும் மனுஷன் செருப்பைத் தள்ளிவிட்டு, கையை நன்றாகத் துடைத்து, என் மோட்டார் சைக்கிளின் வயிற்றுக்குள் பார்த்துக் கும்பிட்டார். கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

"என்ன பாண்டி, யாரைக் கும்பிடுறீக?" என்றேன்.

"ஒன்னுமில்லம்மா. நீங்க அங்குட்டுப் போயி நாற்காலில உக்காருங்க. ஒரே கிரீஸா இருக்கு, சேலைல பட்டுரும்."

நான் அன்றைக்குச் சேலையே கட்டவில்லை. சுடிதார் போட்டிருந்தேன். அதைக்கூடப் பார்க்காமல் வாயில் தயாராக இருந்த வாக்கியம் அது.

கிரீஸ் படுமாம்! நான் கால்நடை ஆய்வாளர். சாக்கோட்டை பக்கத்துக் கிராமங்களில் இருபது வருஷத்துக்கு மேலாக மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவள். தோள்பட்டை வரை கையை மாட்டுக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் கருப்பையைத் தேடுவது என் அன்றாட வேலை. சாணி, கோமியம், நஞ்சுக்கொடி எல்லாம் பட்ட மேனி இது. இதில் பாண்டியின் கிரீஸ் பட்டுத்தான் நான் கெட்டுப்போகப் போகிறேனா?

"நான் உக்காரப் போறதில்ல. தள்ளுங்க, பாக்கணும்" என்றேன்.

அவர் தள்ளவில்லை. அவர் ஏன் தள்ளவில்லை என்று சொல்வதற்கு முன், அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இப்போது நினைத்தாலும் எனக்கு எரிகிறது.

நாற்காலி மரியாதை

ஒரு பெண் வண்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனால் முதலில் நடப்பது என்ன தெரியுமா? நாற்காலி வரும்.

பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு கை உடைந்திருக்கும். அதைத் துணியால் தட்டி, வாசலுக்கு வெளியே, வேப்ப மரம் இருந்தால் அதன் நிழலில், வண்டியிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில் போடுவார்கள். குடிக்கக் கலர் சோடா வாங்கி வரச் சொல்வார்கள். "உக்காருங்க மேடம், அரை மணி நேரத்துல முடிஞ்சுரும்" என்பார்கள். வண்டி உள்ளே போய்விடும். நாம் வெளியே.

ஆண்கள் வந்தால் நாற்காலி கிடையாது. அவர்கள் நேராக வண்டிப் பக்கம் போய்க் குத்துக்காலிட்டு உட்காருவார்கள். செயினைத் தொட்டுப் பார்ப்பார்கள். "இது என்னப்பா இப்படி லூசா இருக்கு" என்பார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, அது வேறு விஷயம். ஆனால் நிற்க இடம் உண்டு.

மரியாதைதானே, அதற்குப் போய் இவ்வளவு கோபமா என்று கேட்பீர்கள். ஆமாம், கோபம்தான். அந்த மரியாதை மட்டும் இல்லாதிருந்தால் நான் அத்தனை மாதம் அந்த வண்டியோடு மல்லுக்கட்டியிருக்க மாட்டேன். நடுரோட்டில் ஒரு பாவப்பட்ட பொம்பளையின் வாழைப்பழத்தின் மேல் வண்டியை ஏற்றியிருக்கவும் மாட்டேன்.

வண்டி வந்த கதை

என் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இறந்தார். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "காப்பிக்கு சர்க்கரை கம்மியாப் போடு" என்றார். நான் டம்ளரோடு வந்தபோது பேப்பர் கீழே கிடந்தது. அவர் உட்கார்ந்தபடியே இருந்தார்.

ரோட்டுக்கே அதிகம் போகாத மனுஷர். பஸ்ஸில் ஜன்னலோரம்கூட உட்கார மாட்டார், காற்று ஆகாது என்று. அவ்வளவு பத்திரமாக இருந்தவர்.

அதற்குப் பிறகு மூன்று நான்கு வருஷம் நான் வேலை, வீடு என்றே இருந்தேன். மகள் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டாள். ஒருநாள் திடீரென்று ஒரு ஆசை வந்தது. கன்னியாகுமரி போக வேண்டும். அங்கிருந்து கடலை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு மங்களூர் வரை ஓட்டிக்கொண்டே போக வேண்டும். தனியாக. அவருக்குப் பயணமே ஆகாது, ஆகவே இது அவர் நினைவாக ஒன்றும் இல்லை. முழுக்க முழுக்க என் ஆசை. சொல்வதில் எனக்கு வெட்கம் கிடையாது.

மதுரையில் வெளிநாடு போகிற ஒருவர் தன் நீண்ட தூரப் பயண வண்டியை விற்றார். பக்கத்துக்கு ஒரு பெட்டி, முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடி, பின்னால் இன்னொரு பெட்டி. பழைய வண்டிதான். பார்த்தவுடன் பிடித்துவிட்டது.

ஓட்டிப் பார்த்தபோதுதான் அதன் குணம் தெரிந்தது. ஆக்சிலேட்டரை மெதுவாக முறுக்கினால் ஒன்றும் நடக்காது. இன்னும் கொஞ்சம் முறுக்கினால் வெட்டி இழுக்கும். மேலூர் தாண்டுவதற்குள் இரண்டு உள்ளங்கையும் மரத்துப்போய்விட்டன. மறுநாள் காலையில் ஒரு மாட்டைப் பரிசோதிக்கக் கைவிட்டால் விரலில் உணர்ச்சியே இல்லை. என் பிழைப்பே விரல் நுனியில் இருக்கிறது. பயந்துபோனேன்.

பயந்து என்ன செய்ய? வண்டியோடு கொடுத்த புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். போனில் வீடியோ பார்த்தேன். வீட்டு வாசலில் பாயை விரித்து, ஸ்பேனரை எடுத்தேன்.

ஆக்சிலேட்டர் கேபிள் காய்ந்து கிடந்தது. எண்ணெய் விட்டு, தொளதொளப்பைக் குறைத்தேன். செயின் தொங்கிக்கொண்டிருந்தது, இழுத்துக் கட்டினேன். ஹேண்டில்பாரின் இரண்டு முனையிலும் கனமான இரும்புக் குண்டு இருக்க வேண்டும், கைக்கு வருகிற அதிர்வை அதுதான் வாங்கிக்கொள்ளும். பழைய ஆள் அழகுக்காக அதைக் கழற்றிவிட்டு அங்கே குட்டிக் கண்ணாடியை மாட்டியிருந்தான். புதிய குண்டு வரவழைத்துப் போட்டேன். ஆக மொத்தம் இரண்டு வாரம், அதுவும் சாயங்காலங்களில் மட்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீழச்சிவல்பட்டி வரை போய்வந்தேன். அந்த ஊரின் பெரிய பெரிய வீடுகளுக்கு நடுவே வண்டி பூனை மாதிரி போனது. முறுக்குகிற அளவுக்குப் போனது, விடுகிற அளவுக்கு நின்றது. திரும்பி வந்து கையைப் பார்த்தேன். ஒவ்வொரு விரலிலும் உணர்ச்சி இருந்தது. வாசலில் நின்று தனியாகச் சிரித்தேன்.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி சரியாகத்தான் இருந்தது. சரி செய்தது நான்.

பூசைக்குப் போன வண்டி

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு என் அண்ணன் ராமசாமியைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு: சாக்கோட்டையில் விவசாயம், இரண்டு டிராக்டர், ஊரில் நல்ல பேர். காரைக்குடியில் அவருக்குத் தெரியாத மெக்கானிக் கிடையாது. டிராக்டர் வைத்திருப்பவருக்கு மெக்கானிக்குகளோடுதான் பாதி வாழ்க்கை.

வண்டியைப் பார்த்ததும் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார். சுற்றி வந்தார். டயரை உதைத்தார். பிறகு, "கண்ணாத்தா, இது ஆம்பளைகளே தூக்கி நிறுத்த முடியாத வண்டியால்ல இருக்கு" என்றார்.

"தூக்கி நிறுத்த வேணாம்ணே. விழாம ஓட்டுனாப் போதும்."

"பூசை போட்டியா?"

போடவில்லை. அதுதான் அவருக்குக் கிடைத்த பிடி. குலதெய்வம் கருப்பருக்குப் பூசை போடாமல் வண்டி எடுத்தால் எப்படி என்று மதினியும் சேர்ந்துகொண்டார். எனக்கும் அதில் மறுப்பு இல்லை. நான் சாமி கும்பிடாதவள் அல்ல. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை எனக்குத் தடுப்பூசி முகாம். "நான் கொண்டுபோயிட்டு வாரேன், நீ ஒன் வேலையப் பாரு" என்று அண்ணன் தன் டிராக்டர் டிரைவரை ஓட்டச் சொல்லி வண்டியை எடுத்துப் போனார்.

சாயங்காலம் வந்த வண்டிக்குச் சந்தனம், குங்குமம், மாலை. ஹேண்டில்பாரில் எலுமிச்சம்பழம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் வேலைக்கு எடுத்தேன். பட்டறைப் பக்கமே போகாத, நான் என் கையால் சரிசெய்த வண்டி, உதறியது.

ஆளுக்கொரு வைத்தியம்

ஆக்சிலேட்டர் ஒரு இடத்தில் பிடித்துக்கொண்டு பிறகு சட்டென்று விட்டது. முழங்காலை டாங்கில் ஒட்டினால் பல் வரைக்கும் அதிர்ந்தது. நான் போட்ட குண்டையும் கட்டின செயினையும் மறுபடி பார்த்தேன். எல்லாம் வைத்தது வைத்தபடி. இனி இஞ்சினுக்குள்தான் ஏதோ என்று நினைத்து, பட்டறைக்குப் போனேன்.

முதலில் இதே பாண்டி. நாற்காலி வந்தது, கலர் வந்தது. காற்றும் பெட்ரோலும் சேருகிற இடத்தில் கரி படிந்திருக்கிறது, சுத்தம் செய்திருக்கிறேன் என்றார். வண்டி ஒரு ராத்திரி அங்கேயே இருந்தது. மறுநாள் எடுத்தால் முன்பைவிட மோசம்.

"பாண்டி, கூடிருச்சே?"

"வண்டில ஒன்னுமில்லம்மா. கை பழகணும். ஸ்கூட்டி ஓட்டுன கை பாருங்க."

ஸ்கூட்டி ஓட்டின கையாம். கீழச்சிவல்பட்டிக்குப் போனபோது யார் கை ஓட்டியது?

அடுத்து பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒருவர். அங்கேயும் வேப்பமர நிழல். அவர் வண்டியை உள்ளே கொண்டுபோனார், நெடுநேரம் கழித்து வந்தார், என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒங்க ஒசரத்துக்கு இது செட்டாகாது மேடம்" என்றார். வண்டியின் உதறலுக்கும் என் உயரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "அதெல்லாம் இருக்கு" என்றார். இப்படி ஒரு பதிலை நான் ஒரு மாட்டுக்காரரிடம் சொன்னால் அடிக்க வருவார்.

தேவகோட்டை ரோட்டில் ஒருவர் இருக்கிறார், பெரிய வண்டிக்கெல்லாம் அவர்தான் என்று சொன்னார்கள். அவர் தலைக்கு டை அடித்த பெரியவர். என் கை மரத்துப்போவதைக் கேட்டுவிட்டு அனுதாபத்தோடு தலையாட்டினார்.

"எங்க வீட்டுலயும் இதேதான் தாயி. அம்பது வந்துட்டா பொம்பளைகளுக்குக் கை மதமதன்னுதான் இருக்கும். கோவமும் வரும். நல்லெண்ண தேச்சுக் குளிங்க."

நான் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் எனக்கு வைத்தியம் சொல்லி அனுப்பினார். நான் மாட்டைப் பார்க்கப் போன இடத்தில் மாட்டை விட்டுவிட்டு மாட்டுக்காரரின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தால் எப்படி இருக்கும்? கோபம் வரும் என்று வேறு முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஆக, நான் கோபப்பட்டால் அது என் வயசு. கோபப்படாவிட்டால் அவர் சொன்னது சரி. இதிலிருந்து தப்பிக்க வழியே வைக்கவில்லை பாருங்கள்.

ஒவ்வொரு பட்டறையிலும் வண்டி ஒரு ராத்திரி தங்கியது. உதறல் எங்கேயும் குறையவில்லை, கூடத்தான் செய்தது. அண்ணன் மட்டும் தினமும் போன் செய்தார். "இப்ப எப்படி இருக்கு?" என்பார். "கூடிருக்குண்ணே" என்பேன். "ம்" என்பார்.

வாழைப்பழ வண்டி

அது நடந்தது நல்ல வெயில் நேரத்தில். செக்காலை ரோட்டில் ஒரு சந்துக்குள் திரும்ப இடது பக்கம் ஹேண்டிலை ஒடித்தேன். நான் முறுக்கவில்லை, சத்தியமாக முறுக்கவில்லை. இஞ்சின் தானாக உறுமிக்கொண்டு பாய்ந்தது. பிரேக்கை அமுக்குவதற்குள் ஓரமாக நின்ற தள்ளுவண்டியில் மோதிவிட்டேன். வாழைத்தார் ஒன்று சரிந்து ரோட்டில் விழுந்தது.

"ஆத்தீ! கண்ணு தெரியலையா ஒனக்கு? எம் புள்ள இப்பத்தான் அங்குட்டு நகந்தான்!" என்று அந்தப் பழக்காரம்மா கத்தினார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றிய என்னைப் பார்த்து, "பொம்பளையா? நீ எதுக்குத்தா இந்த எருமைய ஓட்டிக்கிட்டு வர்ற?" என்றார்.

யாருக்கும் அடியில்லை. ஆனால் அந்தப் பையன் நின்ற இடத்தை நான் பார்த்தேன். நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். முதல் தடவையாக எனக்கே சந்தேகம் வந்தது. இத்தனை பேர் சொல்கிறார்களே, என் கைதான் சரியில்லையோ? எனக்குத் தெரியாமல் நான்தான் முறுக்கினேனோ? அந்தச் சந்தேகத்தை எனக்குள் உண்டாக்கினார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

காரைக்குடியில் சேதி எவ்வளவு வேகமாகப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் வீடு வருவதற்குள் அண்ணன் வாசலில் நின்றார்.

"போதும் கண்ணாத்தா. திருப்பத்தூர்ல ஒரு ஆளு கேட்டிருக்காரு. ஞாயித்துக்கெழம வந்து வண்டிய எடுத்துக்கிருவாரு. நான் வாக்குக் குடுத்துட்டேன்."

என் வண்டி. வாக்கு அவருடையது.

வேறு நாளாக இருந்தால் கத்தியிருப்பேன். அன்றைக்கு அந்தப் பையன் கண்ணுக்குள் நின்றான். "ஞாயித்துக்கெழம வரைக்கும் விடுங்கண்ணே" என்று மட்டும் சொன்னேன். சனிக்கிழமை காலையில் பாண்டி பட்டறைக்குப் போனேன். இந்த முறை எது வந்தாலும் நாற்காலியில் உட்காருவதில்லை என்று முடிவு செய்துதான் போனேன்.

செருப்புக்குக் காரணம்

பாண்டி தள்ளவில்லை என்றேனே. நானே அவரைச் சுற்றிக்கொண்டு போய் எட்டிப் பார்த்தேன்.

டாங்க் இருந்த இடத்தில், வண்டியின் முதுகெலும்பு மாதிரி ஓடுகிற இரும்புக் குழாயில், சிவப்புத் துணி முடிச்சு ஒன்று கட்டியிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பின்னால் மூன்றாவது. ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் அளவு. மஞ்சள் கயிறு, குங்குமம், துணிக்குள் கெட்டியாக, கோயிலில் மந்திரித்துக் கொடுக்கிற தகடு. இஞ்சின் சூட்டில் ஓரமெல்லாம் கருகியிருந்தது.

அந்த முடிச்சுகளுக்கும் குழாய்க்கும் நடுவே, நசுங்கிப்போய், என் ஆக்சிலேட்டர் கேபிள்.

நான் ஹேண்டிலை இடது பக்கம் திருப்பினேன். கேபிள் முடிச்சில் மாட்டி இழுபட்டது. கண்ணெதிரே தெரிந்தது. டாங்க் உட்கார வேண்டிய ரப்பரைப் பார்த்தேன். அதில் தூசி படிந்திருந்தது. டாங்க் மாதக்கணக்கில் ரப்பரைத் தொடவே இல்லை. தகட்டின் மேல் இரும்பாக உட்கார்ந்து, இஞ்சினின் உதறலையெல்லாம் வாங்கி என் முழங்காலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

"இது யாரு வச்சது?"

பாண்டி தலையைச் சொறிந்தார். "அண்ணன்தாம்மா. பூசை அன்னைக்கு டிராக்டர் டிரைவர வச்சுக் கோயில்லயே ஒன்னு. அப்புறம் வண்டி தொந்தரவு குடுக்குதுன்னு பூசாரிக்கிட்ட போயி இன்னொன்னு கட்டிக்கிட்டு வந்தாக. இங்கதான் வச்சோம். அடுத்தது தேவகோட்டை ரோட்டுல வச்சாகளாம்."

அதாவது முடிச்சு வண்டியை உதறவைத்தது. வண்டி உதறியதால் இன்னொரு முடிச்சு வந்தது. அது இன்னும் உதறவைத்தது. ஆகவே இன்னொன்று. நான் போனில் "கூடிருக்குண்ணே" என்று சொல்லச் சொல்ல, அண்ணன் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறார்.

"கேபிள் இதுல மாட்டுதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா பாண்டி?"

அவர் துணியை எடுத்து மறுபடி கையைத் துடைத்தார்.

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்மா. எல்லாருக்குந்தான் தெரியும். டாங்கைக் கழட்டுனாத் தெரியாமயா போகும்? பூசாரி கட்டுனது, எடம் மாத்தக் கூடாதுன்னு அண்ணன் சொல்லிட்டாக. ஒங்களுக்குச் சொன்னா நீங்க எடுத்துப் போட்டுருவீகன்னு சொல்ல வேணாம்னுட்டாக. அவுக சொல்லும்போது நாங்க எப்படிம்மா…"

நான் அப்படி ஒரு கோபத்தை என் வாழ்க்கையில் பட்டதில்லை. என் கை பழகவில்லை என்று என் முகத்துக்கு நேராகச் சொல்ல வாய் வந்தது. என் உயரத்தைச் சொல்ல வந்தது. என் வயசைச் சொல்ல, எண்ணெய் தேய்க்கச் சொல்ல வந்தது. "அண்ணே, கேபிள் மாட்டுது, கொஞ்சம் தள்ளி வைங்க" என்று ஒரு ஆம்பளையிடம் சொல்ல மட்டும் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. ஒவ்வொருவரும் டாங்கைத் தூக்கியிருக்கிறார்கள், செருப்பைக் கழற்றியிருக்கிறார்கள், கும்பிட்டிருக்கிறார்கள், மறுபடி டாங்கை வைத்து மூடிவிட்டு வெளியே வந்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்த என்னிடம் குறை கண்டுபிடித்திருக்கிறார்கள்.

"அந்தப் பழக்காரம்மா மகன் மேல ஏத்தியிருந்தா அப்பயும் சொல்லியிருக்க மாட்டீக, இல்ல?"

பாண்டி கையிலிருந்த துணியைக் கீழே போட்டார். அது வரைக்கும் அவர் யோசிக்கவில்லை என்று தெரிந்தது.

நான் செருப்பைக் கழற்றினேன். ஆமாம், நானும்தான். கருப்பர் மேல் எனக்கு என்ன கோபம்? அவர் பாவம், அங்கே சூட்டில் வெந்துகொண்டிருந்தார். மனசுக்குள் அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு மூன்று முடிச்சையும் அவிழ்த்து, துப்பட்டாவில் வைத்துக் கட்டினேன். பாண்டி தடுக்கவில்லை. கேபிளை நிமிர்த்தி, எண்ணெய் விட்டு, டாங்கை ரப்பர் மேல் உட்காரவைத்தார்.

இஞ்சினைப் போட்டேன். ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடித்தேன். சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பட்டறையை விட்டு வெளியே வந்து ரோட்டில் முறுக்கினேன். கீழச்சிவல்பட்டிக்குப் போன அந்த வண்டி திரும்பி வந்திருந்தது. ஹெல்மெட்டுக்குள் அழுதுகொண்டே சாக்கோட்டை வரை ஓட்டினேன்.

அண்ணன் வீட்டில்

அண்ணன் மோர் குடித்துக்கொண்டிருந்தார். மதினியிடம் ஒரு தட்டு கேட்டு வாங்கி, முடிச்சுகளை அதில் வைத்து, அவர் முன்னால் நீட்டினேன்.

பார்த்ததும் எழுந்துவிட்டார். "ஏன் எடுத்த? ஒன்ன யாரு எடுக்கச் சொன்னது?"

"ஒங்கள யாருண்ணே வைக்கச் சொன்னது?"

நடந்ததையெல்லாம் சொன்னேன். கத்தித்தான் சொன்னேன். கேபிளை, ரப்பரை, வாழைப்பழ வண்டியை, எல்லாவற்றையும். பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று சொன்னேன். அண்ணன் முதலில் நம்பவில்லை. பாண்டிக்குப் போன் போட்டார். பேசி முடித்ததும் மோர் டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"ஒனக்கு ஒன்னும் ஆகிறக் கூடாதுன்னுதான் ஆத்தா வச்சேன்."

"எனக்குத் தெரியாம ஏண்ணே வச்சீக? எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே நல்ல எடமாப் பாத்து வச்சிருப்பேனே."

"நீ கேக்க மாட்ட."

"கேட்டுப் பாத்தீகளா?"

அவர் மறுபடி உட்கார்ந்தார். "மாப்பிள்ளை போன மாதிரி நீயும் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? நெனச்சாலே தூக்கம் வரல. ரோட்டுல எத்தன லாரி, எத்தன பஸ்ஸு" என்றார். துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. என் கணவர் சாவில்கூட எல்லா வேலையையும் ஓடி ஓடிச் செய்தாரே தவிர அழவில்லை.

அந்த நேரத்தில் நான் விட்டுக்கொடுத்திருக்கலாம். ஆனால் எனக்கு அதை ஒருமுறையாவது சொல்லியாக வேண்டியிருந்தது.

"அவரு ரோட்டுலயாண்ணே போனாரு? நாற்காலில உக்காந்து பேப்பர் படிக்கும்போதுதானே போனாரு. அந்த நாற்காலிக்கு அடில நீங்க ஒன்னும் கட்டலையே."

மதினி வந்து என் தோளில் கையை வைத்தார். அண்ணன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்துத் திருப்பத்தூர்க்காரரைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு வர வேணாம். வண்டி விக்கிறதுக்கு இல்ல." அங்கே அவர் என்ன கேட்டாரோ, "என் வண்டி இல்ல அது. எந்தங்கச்சி வண்டி. நான் வாக்குக் குடுத்தது தப்பு" என்றார்.

என்னிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. திருப்பத்தூர்க்காரரிடம் கேட்டார். அவருக்கு அப்படித்தான் வரும்.

முடிச்சுகளை என்ன செய்வது என்ற பிரச்சினையை மதினி தீர்த்தார். மூன்றையும் ஒரு புதுத் துணியில் சேர்த்துத் தைத்து, "பின்பெட்டில வச்சுக்க கண்ணாத்தா. கருப்பரும் காத்தாட வரட்டும்" என்றார். வாங்கிக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முன்

கோபம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். தேவகோட்டை ரோட்டில் அந்தப் பட்டறையைத் தாண்டும்போதெல்லாம் இன்றும் ஹாரனை ஒருமுறை அதிகமாகவே அடிக்கிறேன். பழக்காரம்மா கடையில் வாரம் ஒரு சீப்பு வாங்குகிறேன். அவர் இன்னும் என் வண்டியை எருமை என்றுதான் சொல்கிறார்.

கன்னியாகுமரிக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் கடைசியாக ஒருமுறை வண்டியைப் பார்த்துவிடலாம் என்று பாண்டியிடம் கொண்டுபோனேன். அண்ணனும் வருகிறேன் என்றார். பின்னால் உட்கார்ந்து வந்தார். வழியெல்லாம் என் தோளைப் பிடித்திருந்தார். இறங்கும்போது, "உதறல" என்றார்.

பட்டறை வாசலில் எங்களைப் பார்த்ததும் பாண்டி பழக்கதோஷத்தில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். என்னைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். நாற்காலியை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"இங்குட்டுப் போடு, எனக்கு" என்றார் அண்ணன். "வண்டி அவளுது. அவ நின்னு பாக்கட்டும்."

அவர் வேப்பமர நிழலில் போய் உட்கார்ந்தார். கலர் வாங்கிக் கொடுத்தார்கள், குடித்தார். நான் வண்டிக்குப் பக்கத்தில் நின்று ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன். பாண்டி டாங்கைத் தூக்கி ஓரமாக வைத்தார். செருப்பு அவர் காலிலேயே இருந்தது.